கால்சியோலேரியா: இரவுக் குளிரைக் கணக்கிட்டு வளர்க்க வேண்டிய செடி

மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்களுக்கு இந்தப் பூவைப் பெயர் தெரியாவிட்டாலும் பார்த்தால் தெரியும். சின்னத் தொட்டி, அகலமான மெத்தென்ற இலைகள், அவற்றின் நடுவே காற்றடைத்த சுருக்குப்பைகளைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூக்கள். பலவற்றின் மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். ஆசைப்பட்டு ஒரு தொட்டியை வாங்கிக்கொண்டு மலை இறங்குபவர்களில் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் அதைக் குப்பையில் போடுகிறார்கள். தண்ணீர் அதிகமாகிவிட்டதா, உரம் போதவில்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள். அநேகமாக இரண்டும் காரணமாக இருக்காது. கோவையின் மே மாத இரவு 24 டிகிரி. அந்த வெப்பத்தில் இந்தச் செடியை எந்தக் கைராசியும் காப்பாற்றாது.

கால்சியோலேரியாவை வளர்க்க நினைப்பவர்கள் தொட்டியையும் மண்ணையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நாட்காட்டியையும் வெப்பமானியையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது ஆண்டீஸ் மலைத்தொடரின் செடி. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் தெற்கு முனை வரை 250-க்கும் மேற்பட்ட இனங்கள் பரவிக் கிடக்கின்றன. நாம் தொட்டியில் பார்ப்பது காட்டு இனம் எதுவும் அல்ல. சிலி நாட்டிலிருந்து போன கிரெனாட்டிஃப்ளோரா, கோரிம்போசா போன்ற இனங்களை 1830-கள் வாக்கில் பிரிட்டனின் தோட்டக்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து உருவாக்கியவற்றின் வழிவந்தது. கண்ணாடிக் குடிலுக்காகவே உருவான கலப்பினம் என்பதால் மழைக்கும் உறைபனிக்கும் காற்றுக்கும் இதற்குத் தாங்கும் உடம்பு கிடையாது. ஆனால் தாய் இனங்களின் மலைக்குணம் மட்டும் போகவில்லை. பகலில் மிதமான வெயிலும் இரவில் நல்ல குளிரும் இதற்கு வேண்டும். பூ மொட்டு உருவாவதே அந்தக் குளிரால்தான்.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலுதடு சிறியது. கீழுதடுதான் ஊதிப் பையாகிக் கீழே தொங்குகிறது. மேலுதட்டின் அடியில் இரண்டே இரண்டு மகரந்தத் தாள்கள். பையின் வாயில் உள்பக்கமாக மடிந்திருக்கும் ஓரத்தை விரலால் விலக்கினால் சிறு ரோமத்திட்டு ஒன்று தெரியும். பல இனங்களில் அங்கே சுரப்பது தேன் அல்ல, எண்ணெய். தென் அமெரிக்காவில் அந்த எண்ணெயை முன்னங்கால்களால் வழித்தெடுக்கும் தனி வகைத் தேனீக்கள் இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது மகரந்தம் அவற்றின் உடம்பில் ஒட்டுகிறது. படகோனியாவில் வளரும் யூனிஃப்ளோரா என்ற இனத்தில் எண்ணெய்கூடக் கிடையாது. பையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு சதைப்பற்றான பட்டை இருக்கும். ஒரு சின்னத் தரைப்பறவை அதைக் கொத்தித் தின்ன வரும்போது தலையில் மகரந்தத்தைச் சுமந்து போகிறது. அந்தத் தேனீக்கள் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் இல்லை. அதனால் நீலகிரியில் பூத்த செடியில் தானாக விதை பிடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி வெப்பநிலைக்கு வருவோம். விதை முளைக்க 18 முதல் 21 டிகிரி. நாற்று இலை விட்டுப் பெருக 15 முதல் 18. இலைகள் தொட்டியின் விளிம்பைத் தொடும் அளவுக்கு வளர்ந்த பிறகு, குறைந்தது 4 முதல் 6 வாரங்கள் இரவில் 8 முதல் 10 டிகிரி. இந்தக் காலத்தில்தான் குருத்துக்குள் மொட்டு உருவாகிறது. மொட்டு கண்ணுக்குத் தெரிந்த பின் இரவு 12 முதல் 15 டிகிரி போதும். பகல் 20-ஐ ஒட்டியே இருந்தால் நல்லது. பகல் நீள நீளப் பூப்பது வேகமாகும்.

இந்த வரிசையைக் குலைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினைகளைச் செடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரவுகள் 15 டிகிரிக்கு மேலேயே இருந்தால் செடி முட்டைக்கோஸ் மாதிரி இலையாகவே பெருத்துக்கொண்டு போகும், மொட்டு வராது. உரத்தைக் கூட்டினால் இன்னும் பெரிய இலை வரும், அவ்வளவுதான். நாற்றுக்கு நான்கைந்து இலை வருவதற்குள் கடுங்குளிர் பிடித்துவிட்டால் செடி குட்டையாக நின்று, விரல்விட்டு எண்ணக்கூடிய பூக்களோடு முடிந்துவிடும். மொட்டு வந்த பிறகு வெப்பம் ஏறினால் பூங்காம்பு மெலிந்து நீண்டு, மொட்டுகள் மஞ்சளித்து உதிரும். குளிர்ச்சியான இடத்தில் ஒரு மாதம் வரை நிற்கிற பூ, 25 டிகிரிக்கு மேல் சில நாட்களிலேயே சுருங்கிவிடும்.

நீலகிரியில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பருவமே போட்டுத் தந்துவிடுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஏப்ரல், மே மாதங்களில் பூக்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ விதைக்க வேண்டும். நவம்பர் நடுவில் நாற்றுப் பறிப்பு, டிசம்பரில் சின்னத் தொட்டி, ஜனவரி தொடக்கத்தில் பெரிய தொட்டி. ஜனவரி, பிப்ரவரி இரவுகளின் குளிர் அப்போது சரியாகச் செடிக்குக் கிடைக்கும். மார்ச்சில் மொட்டு தெரியும். விதைப்பை நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போட்டால், குளிர் இருக்கும்போது செடி சிறிதாக இருக்கும், செடி வளரும்போது குளிர் போயிருக்கும். எனிடைம் போன்ற புதிய வீரிய ஒட்டு ரகங்களுக்கு இந்தக் கடுங்குளிர் தேவையில்லை. அவற்றை டிசம்பரில் விதைத்தாலும் நான்கு மாதத்தை ஒட்டிப் பூத்துவிடும். முதன்முறை வளர்ப்பவர்கள் அவற்றில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பூவின் அளவும் இலைக்கட்டும் பழைய பெரும்பூ ரகங்களுக்கு இணையாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குளிர் வேண்டும் என்பதற்காக உறைபனியில் நிறுத்திவிடக் கூடாது. இலையில் இருக்கும் நீர் உறைந்தால் மறுநாள் வெயில் பட்டதும் இலை வேகவைத்ததுபோல் கறுத்துத் தொய்ந்துவிடும். தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் டிசம்பர், ஜனவரியில் பாதரசம் பூஜ்ஜியத்தைத் தொடும். ஊட்டிப் பூங்காவில் வெளியே நிற்கும் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் அது நல்ல வழி. அடியில் காற்று போகும், பனி இலையில் இறங்காது. பாலித்தீன் தாளால் மூடுவதென்றால் அது இலையைத் தொடாதபடி குச்சி நட்டு மேலே போட வேண்டும். தாள் தொட்ட இடத்தில் இலை கருகும். குன்னூர், கோத்தகிரி போன்ற தாழ்ந்த ஊர்களில் உறைபனித் தொல்லை குறைவு. அங்கே நிழல்வலைக்குக் கீழே செடி நன்றாகவே இருக்கும்.

விதை கண்ணுக்குத் தெரிவதே சிரமம். ஒரு கிராமில் 20,000-க்கும் மேல் இருக்கும். கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு, பொடிமணல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பே முளைவேரைக் கருக்கிவிடும். கலவையின்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்துவிட்டால் நாற்றழுகல் பெருமளவு குறையும். 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் நிரப்பி, மேல் ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் மாவுச் சல்லடையில் சலித்ததைப் போட்டு ஒரு பலகையால் லேசாக அழுத்தி மட்டப்படுத்துங்கள். பிறகு தட்டைத் தண்ணீரில் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறி மேற்பரப்பு கறுத்ததும் எடுத்து வடியவிட வேண்டும். ஒரு சிட்டிகை விதையை ஒரு தேக்கரண்டி காய்ந்த பொடிமணலோடு கலந்து, மடித்த காகிதத்தில் வைத்துத் தட்டித் தட்டித் தூவினால் சீராக விழும்.

தூவிய விதையின்மேல் மண் போடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். பழக்கதோஷத்தில் ஒரு பிடி மண்ணைத் தூவி மூடிவிட்டு, விதை சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்பவர்கள் நிறைய. தட்டின்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். கண்ணாடியின் அடியில் படியும் நீர்த்துளியைத் தினமும் துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். 10 முதல் 16 நாட்களில் பச்சைப் பொட்டுகள் தெரியும். தெரிந்ததும் கண்ணாடியை முதலில் ஓர் ஓரமாக உயர்த்தி, நான்கைந்து நாட்களில் முழுவதும் எடுத்துவிடுங்கள். மேலிருந்து பூவாளியால் ஊற்றினால் நாற்றுகள் சாய்ந்து மண்ணில் ஒட்டிச் செத்துப்போகும். தண்ணீர் எப்போதும் அடியிலிருந்துதான். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இருட்டும் ஈரமும் சேர்ந்திருக்கும். அப்போது நீரைக் குறைத்துக் காற்றைக் கூட்ட வேண்டும். மேல்பூச்சுப் போட்ட விதை கிடைத்தால் 98 குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக வைக்கலாம். அந்தப் பூச்சு கரையும்வரை மேற்பரப்பு காயக் கூடாது, காய்ந்தால் விதை உள்ளேயே அடைபட்டுவிடும்.

உண்மையிலை இரண்டு வந்ததும், சுமார் ஐந்தாறு வாரத்தில், நாற்றுப் பறிக்கலாம். தென்னை ஈர்க்கின் நுனியால் வேரோடு தூக்கி, இலையைப் பிடித்து மாற்றுங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும். நடும்போது குருத்து மண்மட்டத்திலேயே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பின்னால் கனத்தில் ஆடும். அடுத்து 8 சென்டிமீட்டர் தொட்டி, கடைசியாக 12 முதல் 15 சென்டிமீட்டர். நேராகப் பெரிய தொட்டிக்குப் போய் வேலையை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிக் குளிரோடு சேர்ந்தால் வேரழுகல் வரும்.

தொட்டிக் கலவைக்கு நன்கு மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு போதும். கார அமில நிலை 5.5-க்கும் 6.2-க்கும் இடையில் இருக்க வேண்டும். நீலகிரி மண் இயல்பிலேயே புளித்தது. 5.2-க்குக் கீழே போனால் ஒரு லிட்டர் கலவைக்கு ஒன்றிரண்டு கிராம் டோலமைட் சுண்ணாம்பு சேர்க்கலாம். சமவெளியின் சிக்கல் நேர் எதிர். உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்ற ஊற்றக் காரம் ஏறும். குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை. காரம் அதிகமான மண்ணில் சாதாரண இடிடிஏ (EDTA) வகை இரும்பு வேலை செய்யாது, இடிடிஎச்ஏ (EDDHA) வகை வாங்க வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது அதைவிட மலிவு.

உரத்தில் இந்தச் செடி அளவுச்சாப்பாடுக்காரன். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, எல்லாக் கடையிலும் கிடைக்கும் 19:19:19 உரத்தைக் குளிர்காலத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கிறது. மண் குளிர்ந்திருக்கும்போது அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். அம்மோனியம் தேங்கி வேர் நுனி கருகும், இலை ஓரம் சுருண்டு காயும். ஒரு லிட்டர் நீருக்குக் கால்சியம் நைட்ரேட் 0.4 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 0.3 கிராம் என்று கரைத்தால் தழைச்சத்து ஏறத்தாழ 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) வரும். நாற்று மாற்றி இரண்டு வாரம் கழித்துத் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். மணிச்சத்துக்குக் கலவை தயாரிக்கும்போதே லிட்டருக்கு ஒரு கிராம் சூப்பர் பாஸ்பேட் போட்டுவிடுங்கள். அதைக் கால்சியம் நைட்ரேட் கரைசலோடு சேர்த்தால் சுண்ணாம்புபோலப் படிந்துவிடும். பூ விரியத் தொடங்கியதும் உரத்தை நிறுத்திவிடலாம்.

தண்ணீர் விடுவதில் கவனம் வேண்டிய இடம் இலை. ரோமம் அடர்ந்த அகன்ற இலைகள் தொட்டியை மூடிக்கொள்ளும். மேலே ஊற்றினால் நீர் குருத்தில் தேங்கும், பாதி மண்ணுக்கே போகாது. ஒரு கையால் இலையைத் தூக்கி விளிம்பில் ஊற்றுங்கள். இலை மொறுமொறுப்பானது, முரட்டுத்தனமாகத் தூக்கினால் காம்போடு ஒடியும். இல்லாவிட்டால் தொட்டியை 20 நிமிடம் தண்ணீர்த் தட்டில் வைத்து எடுத்து வடியவிடுங்கள். காலையில் விட்டால் இரவுக்குள் ஈரம் உலர்ந்துவிடும்.

செடி வாடினால் உடனே தண்ணீர்க் குவளையை எடுக்காமல் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம், நீர் விட்டால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கனமாக இருந்தும் வாடியிருந்தால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியோடு எடுத்து வேரைப் பாருங்கள். ஆரோக்கியமான வேர் வெள்ளையாக உறுதியாக இருக்கும். பித்தியம் என்ற வேரழுகல் கிருமி பிடித்த வேர் பழுப்பேறி இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், உள்ளே நூல் போன்ற நடுநரம்பு மட்டும் நிற்கும். அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்ற முயல்வதைவிடப் பக்கத்துத் தொட்டிகளிலிருந்து விலக்குவதே மேல்.

பூச்சிகளில் அசுவினிக்கு இந்தச் செடி மேல் தனிப் பிரியம். விரியாத குருத்திலையின் மடிப்பிலும் பூங்காம்பிலும்தான் முதலில் குடியேறும். கீழிலைகளில் பிசுபிசுப்புத் தெரிந்தால் மேலே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்துத் தொடக்கத்திலேயே ஈரத்துணியாலோ தூரிகையாலோ வழித்துவிட்டால் மருந்தே தேவைப்படாது. தெளிப்பதென்றால் வேம்பு மருந்தை லிட்டருக்கு 3 மில்லிக்கு மேல் போகாமல், முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகு, மாலையில். காய்கறிப் பயிருக்குச் சொல்லப்படும் அளவு இந்த இலையைச் சுட்டுவிடும். விரிந்த பூவில் எதையும் தெளிக்காதீர்கள், துளி பட்ட இடமெல்லாம் கறையாகும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி உதவும். இலைப்பேன் இலையைச் சுரண்டி வெள்ளிக் கீற்று விழுவதோடு விடாது, வைரஸ் நோயையும் கொண்டுவரும். பழுப்பு வளையங்கள் தெரிந்த செடியைத் தயங்காமல் அழித்துவிட வேண்டும்.

பூக்கும் காலத்தில் சாம்பல் நிறப் பூசணம் வரும். இதழ் இதழாகக் கொட்டாமல் பை முழுசாகக் கழன்று கீழிலையின் மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அடியில் ஈரம் பிடித்து ஓரிரு நாளில் பூஞ்சை கிளம்பிவிடும். விழுந்த பூக்களைத் தினமும் பொறுக்கினாலே இது பெரும்பாலும் அடங்கும். தொட்டிகளுக்கு இடையே இலைகள் உரசாத அளவு இடைவெளி விடுங்கள். மார்ச் முதல் 50 சதவீத நிழல்வலை வேண்டும், குளிர்காலத்தில் வெயிலுக்காக வலை வேண்டாம். பெரும்பூ ரகங்களுக்கு மூங்கில் சிம்பு ஊன்றிக் கட்டாவிட்டால் பூக்கொத்தின் கனத்தில் தண்டு அடியோடு சாயும்.

சமவெளியில் இருப்பவர்கள் விதை வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். பூத்த தொட்டியை வாங்கி இரண்டு வாரம் ரசிப்பது நடக்கக்கூடியது. மூன்றில் ஒரு பங்கு பூ விரிந்து, மீதி மொட்டுகளில் நிறம் ஏறியிருக்கும் செடியாகத் தேர்ந்தெடுங்கள். பச்சை மொட்டுகள் கீழே வந்தால் விரியாது. செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி, சாயங்காலமோ இரவிலோ கொண்டுவாருங்கள். பகலில் மூடிய கார் டிக்கியில் வைத்தால் வீடு வருவதற்குள் வெந்துவிடும். வீட்டில் வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலோரம், மின்விசிறிக் காற்றும் ஏசி காற்றும் நேராக அடிக்காத இடம். பூ முடிந்ததும் செடியையும் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பருவத்துச் செடி இது, வெட்டிவிட்டாலும் மறுபடி உருப்படியாகப் பூக்காது.

விதை எடுக்க விரும்பினால் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பையை மெதுவாகக் கழற்றிவிட்டு, ஒரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து இன்னொரு செடியின் சூல்முடியில் தடவுங்கள். காய் பழுப்பேறும்போது மெல்லிய காகிதப்பையால் மூடுங்கள், வெடித்தால் விதை காற்றில் போய்விடும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையில் தாயின் நிறமும் கட்டும் அப்படியே வராது. கலவையான நிறங்கள் வரும், சில நன்றாகவே இருக்கும்.

மலையில் இருப்பவர்கள் வருடா வருடம் விதைப் பாட்டைப் படாமல் இந்தப் பூவை வைத்துக்கொள்ள வேண்டுமானால், இன்டெக்ரிஃபோலியா என்ற புதர் இனத்தைத் தேடிப் பிடிக்கலாம். இதுவும் சிலியைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பூங்காக்களில் சிவப்பு பெலர்கோனியத்துக்கும் நீல லோபெலியாவுக்கும் பக்கத்தில் மஞ்சள் பாத்தியாக நின்றது இதுதான். பூ சிறியது, புள்ளி கிடையாது, ஆனால் தரையில் நட்டால் மாதக்கணக்கில் பூக்கும், வெயிலையும் தொட்டி வகையைவிட நன்றாகத் தாங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்காத கிளை நுனியை 7 அல்லது 8 சென்டிமீட்டருக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, கீழிலைகளைக் கிள்ளி, மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த தட்டில் நட்டு நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். வேர்விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பழைய செடி இரண்டு மூன்று வருடத்தில் அடித்தண்டு கட்டையாகி வெறுமையாகிவிடும் என்பதால், உறைபனிக்கு முன்பே ஐந்தாறு துண்டுகளைத் தொட்டியில் வேர்விடச் செய்து கூரைக்குக் கீழே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.